வேலை செய்ய மறுத்த வேகக் கட்டுப்பாடு

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓடுவதை நீங்கள் கவனித்ததுண்டா? மின்மோட்டார்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் சிற்றூர்களில் ஆங்காங்கே அதன் ஓசையைக் கேட்கலாம். சுமை ஏதுமின்றி ஓடும்போது எஞ்சின் இலேசாக ஒலிக்கிறது. பட்டையைத் தள்ளிப் பம்பை இணைத்ததும் ஒரு கணம் தளர்கிறது. ஓசை கனக்கிறது, புகை சற்றுக் கறுக்கிறது. பிறகு, கிட்டத்தட்டப் பழைய வேகத்தையே மீண்டும் பிடித்துக்கொள்கிறது. யாரும் அருகில் நின்று எண்ணெயைக் கூட்டவில்லை. அப்படியானால் கூட்டியது யார்?

எஞ்சினுக்குள் இருக்கும் 'கவர்னர்' என்னும் வேகச் சீராக்கிதான். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு சிறு எடைகளே இதன் உயிர். வேகம் கூடினால் எடைகள் வெளிப்புறம் விரிந்து, நெம்புகோல் ஒன்றின் வழியே எண்ணெயைக் குறைக்கின்றன. வேகம் குறைந்தால் வில்லின் இழுப்பால் அவை உள்ளே ஒடுங்கி, எண்ணெயைக் கூட்டுகின்றன. நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் இத்தகைய கருவியைப் பொருத்தியது 1788ஆம் ஆண்டில். இதன் கணிதத்தை ஆராய்ந்து ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கட்டுரை எழுதியது 1868இல். மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த அதே மாக்ஸ்வெல்தான்!

விளைவை அளந்து, அந்த அளவைக் கொண்டே செயலைத் திருத்துவதற்குப் 'பின்னூட்டம்' என்று பெயர். இன்று மோட்டார் வண்டிகளில் உள்ள 'குரூஸ் கன்ட்ரோல்' என்னும் பயண வேகக் கட்டுப்பாடு இதே பின்னூட்டத்தின் பேரப்பிள்ளை. அது பழுதுபட்டால் காரணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது? அண்மையில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டே அதைப் பார்ப்போம்.

சீயமங்கலத்தில் ஒரு பொங்கல் விடுமுறை

செஞ்சிப் பக்கத்தில், தேசூருக்கு அருகே சீயமங்கலம் என்னும் சிற்றூர் இருக்கிறது. சீயம் என்றால் சிங்கம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுப்பித்த குகைக்கோயில் இவ்வூரின் பெருமை. என் அக்காள் வாழ்க்கைப்பட்டிருப்பது இவ்வூரில்தான்.

அக்காளின் கணவருக்கு வேர்க்கடலை வியாபாரம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி பயணம் செய்வார். சேறும் வரப்பும் நிறைந்த நிலங்களுக்கும் போகவேண்டியிருப்பதால், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் டீசல் வண்டியொன்றைக் கைமாற்றாக வாங்கியிருந்தார். அது எந்த நிறுவனத்தின் வண்டி என்பது நமக்கு முக்கியமன்று.

பொங்கலுக்குச் சென்றிருந்தபோது, "மச்சான், இந்த வண்டியில் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற பொத்தான் ஒரு மாதமாக வேலை செய்யவில்லை. மெக்கானிக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். நீங்கள் பௌதிகம் படித்தவராயிற்றே, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

"மாற்ற எவ்வளவு ஆகும் மாமா?" என்று கேட்டேன்.

"பல்லாயிரம் ஆகுமாம். இன்னொருவர், கம்ப்யூட்டரெல்லாம் வேண்டாம், பிரேக் பக்கத்தில் ஒரு கம்பியை நேராக முறுக்கிவிட்டால் போதும் என்கிறார். செலவே இல்லையாம்."

செலவில்லாத அந்த இரண்டாவது யோசனைதான் எனக்கு அச்சத்தைத் தந்தது. ஏன் என்பதைப் பின்னர் நீங்களே காண்பீர்கள்.

கண், மூளை, கை

பழுதைத் தேடுமுன், பழுதில்லாதபோது கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டை மூன்று உறுப்புகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கண். சக்கரத்தோடு பல்வளையம் ஒன்று சுழல்கிறது. அதன் அருகில் காந்தமும் கம்பிச் சுருளும் அடங்கிய உணரி இருக்கிறது. பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது காந்தப் புலம் மாறி, சுருளில் சிறு மின்துடிப்பு எழுகிறது. ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. (புதிய வண்டிகளில் ஹால் விளைவைப் பயன்படுத்தும் உணரிகளும் உண்டு.) சக்கரத்தின் சுற்றளவு 2.3 மீட்டர், வளையத்தில் 48 பற்கள் எனக் கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 22.2 மீட்டர். ஆகவே சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 9.7 முறை சுழலும். ஏறத்தாழ 460 துடிப்புகள் எழும். துடிப்புகளை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூளை. இது ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஓட்டுநர் பொத்தானை அழுத்திய கணத்தில் இருந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு, உணரி சொல்லும் வேகத்தை அதனோடு ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைப் 'பிழை' என்கிறோம்.

மூன்றாவது, கை. மிகப் பழைய பெட்ரோல் வண்டிகளில், எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் குப்பி ஒன்று கம்பியால் காற்று வாயிலை இழுத்துத் திறந்தது. டீசல் எஞ்சினில் வேகத்தை ஆள்வது காற்றன்று, எண்ணெயின் அளவே. இன்றைய டீசல் வண்டிகளில் கால்மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே இழுகம்பியே கிடையாது. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை மின்னழுத்தமாக மட்டும் சொல்கிறது. எவ்வளவு எண்ணெய் பீச்சுவது என்று முடிவு செய்வது பெட்டிதான். எனவே வேகக் கட்டுப்பாட்டுக்கெனத் தனிக் கை தேவையில்லை. எண்ணெய் பீச்சும் குழல்களே கை.

அந்தக் கை எவ்வளவு நுட்பமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டி மணிக்கு 6.7 லிட்டர், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1.85 மில்லிலிட்டர் டீசலைச் செலவிடுகிறது. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றினால், விநாடிக்கு 60 பீச்சல்கள் நிகழும். ஆக, பீச்சல் ஒன்றுக்கு 0.03 மில்லிலிட்டர். இந்தச் சிறு துளியைச் சற்றே கூட்டியும் குறைத்தும்தான் இரண்டு டன் வண்டியின் வேகம் காக்கப்படுகிறது.

மேட்டில் நடப்பது என்ன?

வண்டியின் நிறை 2,000 கிலோகிராம். சாலை 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேடு. வண்டியைக் கீழே இழுக்கும் விசை 2,000 × 9.8 ÷ 20 = 980 நியூட்டன். இதை 22.2 மீட்டர் வேகத்தில் வெல்லத் தேவையான கூடுதல் திறன் ஏறத்தாழ 21.8 கிலோவாட், அதாவது 29 குதிரைத்திறன். சமதளத்தில் பீச்சிய துளி இங்குப் போதாது. வேகம் 78க்கு இறங்குகிறது. பிழை 2. பெட்டி உடனே துளியைப் பெரிதாக்குகிறது.

இங்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிழையின் அளவுக்கு ஏற்ப மட்டுமே எண்ணெயைக் கூட்டினால், பிழை முற்றிலும் மறைய முடியாது. பிழை மறைந்தால் கூடுதல் எண்ணெயும் நின்றுவிடுமே! கிணற்றுமேட்டு எஞ்சின் சுமையின்போது சற்றுக் குறைந்த வேகத்திலேயே நிலைகொள்வது இதனால்தான். மின்னணுப் பெட்டியோ, பிழை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டே வருகிறது. பிழை சிறிதாயினும் நீடித்தால் கூட்டுத்தொகை வளரும், எண்ணெயும் வளரும், இறுதியில் வேகம் 80க்கே திரும்பும். அளவுமீறித் திருத்தினாலோ, வேகம் 82, 78 என்று ஊசலாடும். மாக்ஸ்வெல் ஆராய்ந்தது இத்தகைய ஊசலாட்டத்தையே.

மோட்டார் வண்டிக்கு இக்கருவியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர். ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர் அவர். தம் வழக்கறிஞர் பேசிக்கொண்டே ஓட்டும்போது வண்டி வேகம் கூடியும் குறைந்தும் குலுங்குவதை உணர்ந்து, அதற்குத் தீர்வு தேடினார் என்பார்கள். 1950இல் அவர் காப்புரிமை பெற்றார். 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் வண்டியில் அது விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் மறைமலைநகரில் இயங்கிவந்த ஃபோர்டு ஆலை, 2016இல் வெளியிட்ட எண்டெவர் என்னும் நான்கு சக்கர இயக்க டீசல் வண்டியில் இவ்வசதியை அளித்தது.

மறுக்கும் உரிமை

கண், மூளை, கை ஆகிய மூன்றும் நன்றாக இருந்தாலும் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாமல் இருக்கலாம். ஏனெனில், ஆபத்து என்று ஐயம் எழுந்தால் வேலை செய்ய மறுக்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. பிரேக் மிதித்தால் விட்டுவிட வேண்டும். கிளட்சை மிதித்தாலும் விட வேண்டும். வேகம் மிகக் குறைவாயிருந்தால் பிடிக்கக்கூடாது. சக்கரம் வழுக்கினால் பிடிக்கக்கூடாது. நான்கு சக்கர வண்டிகளில், சேற்றில் மெல்ல ஊர்வதற்கான தாழ்ந்த பல்வரிசையைப் போட்டிருந்தாலும் பல வண்டிகளில் இது இயங்காது.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி, "எந்தப் பாகம் கெட்டது?" என்பதன்று. "இது எதைக் கண்டு மறுக்கிறது?" என்பதே. கேள்வியை இப்படி மாற்றியதும் பாதி வேலை முடிந்தது.

தேடலின் படிகள்

விலையில்லாத சோதனைகளை முதலிலும், கழற்றவேண்டிய சோதனைகளைக் கடைசியிலும் வைப்பது நல்ல முறை. மாமா வண்டியை ஓட்ட, நானும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மருமகனும் ஏறிக்கொண்டோம். செஞ்சி நெடுஞ்சாலைக்கு வந்தோம். இராசகிரிக் கோட்டை பார்வைக்குத் தெரிந்தது. மருமகன் நோட்டுப் புத்தகத்தில் விடைகளைக் குறித்துக்கொண்டான்.

முதற்படி: முதன்மைப் பொத்தானை அழுத்தினால் பலகையில் விளக்கு எரிகிறதா? எரிகிறது. எனவே பெட்டிக்கு மின்சாரம் வருகிறது. அந்தப் பொத்தானும் அதன் கம்பியும் நலமே. சுக்கானுக்குள் சுருண்டிருக்கும் நாடாக்கம்பி அறுந்திருந்தால், அதன் வழியே செல்லும் ஹாரனும் ஒலிக்காது. ஹாரன் ஒலித்தது.

இரண்டாம் படி: வேகம் போதுமா? பல வண்டிகளில் மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே இது பிடிக்காது. நாங்கள் 70இல் சென்றோம். பொத்தானை அழுத்தியும் பிடிக்கவில்லை.

மூன்றாம் படி: கண் பார்க்கிறதா? வேகங்காட்டியின் முள் தடங்கலின்றி நின்றது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. எனவே சக்கர உணரிகள் நலமே எனக் கொள்ளலாம்.

நான்காம் படி: நான்கு சக்கரங்களும் ஒத்துப்போகின்றனவா? முன்னே தேய்ந்த டயரும் பின்னே வேறு அளவுள்ள டயரும் போட்டிருந்தால், ஒரே வேகத்திலும் சிறிய சக்கரம் அதிகமாகச் சுழலும். பெட்டி அதை வழுக்கல் என்று கருதக்கூடும். நிறுத்திப் பார்த்தோம். நான்கும் ஒரே அளவு. தாழ்ந்த பல்வரிசையின் விளக்கும் எரியவில்லை.

ஐந்தாம் படி: எஞ்சின் சொன்னபடி கேட்கிறதா? கால்மிதியை அழுத்தினால் வண்டி தயக்கமின்றி வேகமெடுத்தது. எனவே கை நலம். மூளையும் எஞ்சினை ஒழுங்காகவே ஆண்டுகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னவரின் கூற்று இங்கேயே வலுவிழந்தது.

எஞ்சியிருப்பவை விடுவிப்புச் சுவிட்சுகள் மட்டுமே. வீடு திரும்பினோம்.

ஆறாம் படிக்கு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தோம். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி வைத்தோம். மருமகனைப் பின்னால் சற்றுத் தள்ளி ஒதுங்கி நிற்கச் சொன்னேன். மாமா பிரேக்கை மிதித்தார்.

"விளக்கு எரிகிறதா?"

"இல்லை மாமா."

"நன்றாகப் பார்."

"ஒரு விளக்குக்கூட எரியவில்லை மாமா!"

என் அக்காளின் கணவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பொங்கலுக்கு முதல் வாரம், இரவு நேரத்தில், குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போய்த் திரும்பியிருந்தார். பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்த சாலை. அவர் பிரேக் மிதித்தபோதெல்லாம் பின்னால் வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தன் வண்டியின் பிரேக் விளக்கை ஓட்டுபவர் தன் இருக்கையிலிருந்து காண முடியாது. அதனால்தான் அது கெட்டிருப்பதும் தெரிவதில்லை. பின்னால் வருபவர் அபாயத்தை உணர்வது ஒரு விநாடி தாமதமானால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் அவர் வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும்.

இரண்டு சாட்சிகள்

விளக்கு எரியாமைக்கும் வேகக் கட்டுப்பாட்டுக்கும் என்ன தொடர்பு? பிரேக் மிதிக்கு மேலே ஒரு சிறு சுவிட்சு இருக்கிறது. இவ்வகை வண்டிகளில் அதற்குள் இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதலாவது, கால் எடுத்திருக்கையில் திறந்தும், மிதிக்கையில் மூடியும் இருக்கும். பிரேக் விளக்குகளுக்கு மின்சாரம் தருவது இதுதான். இரண்டாவது இதற்கு நேர்மாறானது. கால் எடுத்திருக்கையில் மூடியும், மிதிக்கையில் திறந்தும் இருக்கும். இரண்டின் செய்தியும் பெட்டிக்குச் செல்கிறது.

கால் எடுத்திருந்தால் முதற் கம்பியில் 0 வோல்ட், இரண்டாவதில் 12 வோல்ட். மிதித்தால் முதலில் 12, இரண்டாவதில் 0. இரண்டும் எப்போதும் எதிரெதிராகவே இருக்க வேண்டும். ஒரு வழக்கில் இரண்டு சாட்சிகளை விசாரிப்பது போன்றது இது. இருவர் கூற்றும் பொருந்தும் வரையில் பெட்டி நம்புகிறது. மிதித்தபோது 0, 0 என்று வந்தால், யாரோ ஒருவர் தவறு என்பது மட்டும் அதற்குத் தெரியும். யார் என்று தெரியாது. எனவே, 'பிரேக்கைப் பற்றிய என் அறிவு நம்பத்தக்கதன்று. ஆகவே வேகத்தைப் பிடிக்க மாட்டேன்' என்று முடிவு செய்கிறது. பழுதுக் குறியீட்டையும் நினைவில் எழுதி வைக்கிறது. பிரேக் சுவிட்சின் இரு செய்திகள் பொருந்தாமைக்கு 'பி0504' என்பது பொதுக் குறியீடு. குறியீட்டைப் படிக்கும் கருவி இருந்தால் இந்த இடத்துக்கு விரைவில் வந்திருக்கலாம். ஆனால், பழுது சுவிட்சிலா, கம்பியிலா, பியூஸிலா என்பதைக் குறியீடு சொல்லாது. அதை நாம்தான் சோதித்தறிய வேண்டும்.

12 வோல்ட் பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பற்றவைத்த சோதனை விளக்கே இதற்குப் போதும். ஒரு முனையை வண்டியின் உடற்பகுதியில் தொடுத்து, மறுமுனையைச் சுவிட்சுக்கு மின்சாரம் வரும் கம்பியில் வைத்தேன். பல்பு எரிந்தது. எனவே பியூஸ் நலம். மின்சாரம் வெளியேறும் முனையில் வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். எரியவில்லை. மின்சாரம் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. பழுது சுவிட்சுக்குள்ளேதான். திறந்து பார்த்தோம். முதல் தொடுமுனை கருகியிருந்தது.

ஏன் கருகியது? வண்டியின் பின்புறம் முன்னைய உரிமையாளர் அழகுக்காக இரண்டு சிவப்பு விளக்குகளைக் கூடுதலாகப் பிரேக் கம்பியோடு இணைத்திருந்தார். 21 வாட் பல்பு இரண்டு இருந்தால் 42 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 3.5 ஆம்பியர். அதே பல்பு நான்கானால் 7 ஆம்பியர். மின்னோட்டம் இருமடங்கானால், தொடுமுனையின் தடையில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். மேலும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எழும் தீப்பொறியும் பெரிதாகிறது. பல ஆயிரம் முறை மிதித்ததில் உலோகம் கருகிவிட்டது. எனவே சுவிட்சை மட்டும் மாற்றினால் போதாது. கூடுதல் விளக்குகளையும் நீக்க வேண்டும். காரணத்தை நீக்காமல் விளைவை மட்டும் நீக்கினால் பழுது மீண்டும் வரும்.

மறுநாள் செஞ்சியில் சில நூறு ரூபாய்க்குப் புதிய சுவிட்சு கிடைத்தது. பொருத்தினோம். பிரேக் விளக்குகள் எரிந்தன. பழைய குறியீட்டை அழித்தபின் நெடுஞ்சாலையில் பொத்தானை அழுத்தினார் மாமா. வேகம் 70இல் நின்றது. பிரேக்கை இலேசாகத் தொட்டதும் பிடியை விட்டது. பிடிப்பதை மட்டும் பார்த்தால் சோதனை முடிந்ததாகாது. விடுவதையும் பார்த்தபின்னரே முடிந்தது.

முறுக்கியிருந்தால்?

செலவில்லாத அந்த யோசனைக்கு இப்போது வருவோம். இரண்டாவது தொடுமுனையின் கம்பிகளை நேராக முறுக்கிவிட்டால் அந்தக் கம்பியில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். முதலாவது கருகிவிட்டதால் அதில் எப்போதும் 0. பெட்டிக்குக் கிடைக்கும் செய்தி 0, 12. அதாவது 'பிரேக்கில் கால் இல்லை'. சாட்சிகள் பொருந்திவிட்டார்கள்! வேகக் கட்டுப்பாடு உடனே வேலை செய்திருக்கும். மாமாவும் மகிழ்ந்திருப்பார்.

பிறகு ஒருநாள் சாலையில் மாடு குறுக்கே வருகிறது. அவர் பிரேக்கை மிதிக்கிறார். வண்டியின் வேகம் 80இலிருந்து 70க்கு இறங்குகிறது. பெட்டிக்குப் பிரேக் தெரியாது. மேடு வந்துவிட்டது என்றே அது எண்ணும். பிழை 10 என்று கண்டு எண்ணெயைக் கூட்டும். பிரேக் ஒருபுறம் நிறுத்த, எஞ்சின் மறுபுறம் தள்ளும். பின்னால் வரும் லாரிக்கோ விளக்கும் தெரியாது. கிளட்சை மிதித்தோ பொத்தானை அணைத்தோ தப்பலாம் என்பது உண்மைதான். ஆனால், அந்த ஒரு கணத்தில் யாருக்கு அது நினைவுக்கு வரும்? பின்னூட்டம் என்பது நல்ல வேலைக்காரன். ஆனால் அதற்குப் பொய்ச் செய்தி கொடுத்தால், அதே ஊக்கத்தோடு தவறான வேலையைச் செய்யும்.

நம்மில் பலர், வேலை செய்யாத கருவியைக் கெட்ட கருவி என்றே எண்ணுகிறோம். அடிக்கடி பியூஸ் போனால் கனத்த கம்பியைப் போடுகிறோம். அழுத்தச் சமையற்கலத்தின் பாதுகாப்பு அடைப்பான் உருகினால் எதையோ வைத்து அடைக்கிறோம். அவை கெட்டுப்போகவில்லை, நம்மை எச்சரித்திருக்கின்றன. சீயமங்கலத்து வண்டி ஒரு மாதமாக மறுத்து மறுத்துச் சொன்னதும் இத்தகைய எச்சரிக்கையைத்தான். இன்று மாலையே உங்கள் வீட்டு வண்டியின் பின்னால் பாதுகாப்பாக ஒதுங்கி நின்று, பெரியவர் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். இரு சக்கர வண்டிக்கும் இது பொருந்தும். அரை நிமிடத்தில் முடியும் பரிசோதனை இது.

சிந்தித்து விடை காண்க

1. இறக்கத்தில் பெட்டி எண்ணெயை முற்றிலும் நிறுத்தியும் வண்டியின் வேகம் 80ஐத் தாண்டிவிடுகிறது. எண்ணெயை மட்டும் ஆளும் வேகக் கட்டுப்பாட்டால் இதைத் தடுக்க முடியாதது ஏன்?

2. கிளட்ச் சுவிட்சு பழுதாகிப் பெட்டிக்குச் செய்தி போகவில்லை. வேகக் கட்டுப்பாடு இயங்கும்போது கிளட்சை மிதித்தால் எஞ்சினின் சுழற்சி வேகம் என்ன ஆகும்?

3. முதல் தொடுமுனை கருகாமல், மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் பிரேக் விளக்குகள் எவ்வாறு இருக்கும்? கால் எடுத்திருக்கையில் பெட்டிக்கு வரும் இரு செய்திகள் யாவை?

4. மேல்நிலைத் தொட்டியின் மிதவைக் குழாய், மின் இஸ்திரிப்பெட்டி, குளிர்பதனப்பெட்டி ஆகியவற்றில் கண் எது, மூளை எது, கை எது? மூன்று வேலைகளையும் ஒரே உறுப்பு செய்வது எதில்?